சகலையின் தண்ணீர்க் கேமரா

பங்காளிமேல் வரும் பொறாமைக்கு ஒரு நியாயம் உண்டு. நடுவில் ஒரு வரப்பாவது இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன்மேல் வருவதற்கும் சுவர், மாமரம், சாக்கடை என்று ஏதாவது காரணம் கிடைத்துவிடும். சகலைமேல் வருவதற்கு எந்த ஆதாரமும் வேண்டியதில்லை. ஒரே மாமனார் வீட்டில் ஒரே தாம்பாளத்தில் வைத்து இரண்டு பேருக்கும் வேட்டி கொடுக்கிறார்கள், அது போதும். அவன் வேட்டியின் கரை ஒரு விரல் கூடுதலாக இருக்கிறதா என்று அன்றைக்குப் பார்த்த கண் அப்புறம் மூடுவதே இல்லை.

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவன், என்னைவிட எட்டு வயது இளையவன். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். நேரில் பேசும்போது 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன், மனசுக்குள் 'அவன்'. இங்கே மனசைத்தான் எழுதுகிறேன். நல்லவன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது.

மரக்காணத்தில் எனக்குக் குத்தகை உப்பளம் கொஞ்சம் இருந்தது. வீடு அங்கிருந்து மேற்கே, நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற ஊரில். உப்பளத்துக்காரனுக்கு வேலை என்பது பெரும்பாலும் காத்திருப்பதுதான். பாத்தியில் கட்டிய தண்ணீரை வெயில் குடித்து முடிக்கிற வரைக்கும் நான் கொட்டகையில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். அப்படிப் படித்துப் படித்து, நாற்பத்து நான்காவது வயதில், எனக்குள் ஒரு கலைஞன் இருக்கிறான், அவனுக்குக் கருவிதான் இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். வேலை குறைவாக இருந்தால் மனிதனுக்கு இந்த மாதிரி முடிவுகள் வரும்.

2004 தொடக்கத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வழியாகக் கருவி வந்து சேர்ந்தது. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற டிஜிட்டல் கேமரா. அந்த வகையில் அதுதான் ஆகக் கீழ்ப் படி, புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கானது. அப்படித்தான் அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. பெட்டியை அன்றைக்கே பரணில் ஏற்றிவிட்டேன். ஆறு மெகாபிக்சல். மெகாபிக்சல் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு நான் கொடுத்த விளக்கத்தில், ஆறுக்கு மேல் ஒரு மனிதனுக்கு எதற்கு என்கிற தொனி இருந்தது.

அந்தக் கேமராவுக்கு ஆகாதவை மூன்று: தண்ணீர், தூசி, உப்பு. மரக்காணத்தில் தாராளமாகக் கிடைப்பவையும் அவையே.

ஆகவே அதைக் குழந்தை மாதிரி வளர்த்தேன். வீட்டில் அது அரிசி போட்ட எவர்சில்வர் டப்பாவில் தூங்கியது, ஈரம் ஏறக்கூடாது என்று. அந்த அரிசியைத் தொடக்கூடாது என்று மனைவிக்கு உத்தரவு. உப்பளத்துக்குப் போகும்போது துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவேன். பாத்தியில் உப்பு வாருகிற பெண்களில் ஒருத்திக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா சார், பச்சப்புள்ள மாதிரி சுத்தி தூக்கினு வர்றீங்க? தடுப்பூசி போட்டாச்சா?"

"இது விலை ஜாஸ்தி."

"அப்ப வெயில்ல காட்டாதீங்க. கறுத்துடப் போவுது."

நான் கண்டுகொள்ளவில்லை. கலைஞர்களை அவர்கள் காலத்தில் யாரும் புரிந்துகொள்வதில்லை என்று படித்திருந்தேன்.

என் காலம் அந்த மாசி மகத்தன்றே வந்தது.

மாசி மகத்துக்கு எங்கள் ஊர்ப் பெருமாள் கடலுக்குப் போவார். டிராக்டரில் பந்தல் கட்டி, குடை பிடித்து, மேளத்தோடு போவார். கடலோரக் குப்பத்துக்காரர்கள் அவரை மாப்பிள்ளை என்பார்கள். ஊர் எல்லையிலேயே தட்டு வரிசையோடு நின்று மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போவார்கள். பெருமாள் கரையிலேயே இருப்பார். அவருக்குப் பதிலாக அவருடைய சக்கரத்தாழ்வாரை, முழ உயரமுள்ள செப்புச் சிலையை, பட்டர் இரண்டு கையிலும் ஏந்திக் கடலில் இறங்கி முழுக்குப் போடுவார். அவர் முழுகுகிற அதே கணத்தில் மொத்த ஊரும் முழுகி எழ வேண்டும். அதற்கு முன்னால் போட்டாலும் பலன் இல்லை, பின்னால் போட்டாலும் பலன் இல்லை. இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், எங்கள் ஊரில் யாருக்கும் நீச்சல் தெரியாது. ஆகவே குப்பத்து ஆண்கள் முன்னாடியே மார்பளவுத் தண்ணீரில் போய், ஒரு தடித்த கயிற்றை நீளப் பிடித்துக்கொண்டு, கரையைப் பார்த்து வரிசையாக நின்றுகொள்வார்கள். கயிற்றைத் தாண்டி யாரும் போகக்கூடாது.

நான் மணலில் ஏற்றிவைத்திருந்த ஒரு படகின்மேல் நின்று படம் எடுத்தேன். வானம், கடல், ஆயிரம் தலை, அவற்றுக்கு மேலே பட்டரின் கையில் சக்கரத்தாழ்வார். பாண்டியில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கோயில் கமிட்டித் தலைவரிடம் கொண்டுபோனேன். தலைவர் மணிலா மண்டி வைத்திருப்பவர். எதையும் கையில் வாங்கினால் முதலில் எடை பார்ப்பார். படத்தையும் அப்படி ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டார்.

"யோவ்!" என்றார். "கருடன்யா!"

"எங்க?"

"இதோ, மேல, வலது பக்கம். முழுக்கு போடற நேரத்துக்கு வந்து வட்டம் போட்டிருக்காரு பாரு!"

வானத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இருந்தது. அன்றைக்கு நான் எந்தப் பறவையையும் பார்த்த நினைவில்லை. ஆனால் கமிட்டித் தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும்போது நினைவை யார் கேட்டார்கள்? படம் கண்ணாடிச் சட்டத்தோடு கோயில் முன்மண்டபத்தில் ஏறியது. கீழே 'படம்:' என்று என் பெயர். சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் அண்ணாந்து கருடனைத் தேடிக் கண்டுபிடித்து, கும்பிட்டு, அப்படியே என் பெயரையும் படித்துவிட்டுப் போனார்கள். நானும் தினமும் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். எனக்குப் பக்தி வந்துவிட்டது என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். உப்புக் குவியலை எடுத்த படத்திலும் கருடன் இருந்தார். உறவுக் குழந்தைக்கு மொட்டை அடித்த படத்திலும் இருந்தார். கழுவெளிச் சதுப்பில் எடுத்த கொக்குப் படத்தில், கொக்குகளுக்கு மேலே, அதே வலது மூலையில், அதே அளவில் இருந்தார்.

பாண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்தவரிடம் கேமராவைக் காட்டினேன். லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"உள்ள படம் பதியற சென்சார்ல தூசு உக்காந்திருக்குது சார். லென்ஸ கழட்டறப்ப போயிருக்கும். தொடச்சிடட்டுமா?"

"வேணாம்."

"எல்லா படத்துலயும் வருமே சார்?"

"வரட்டும்."

சொத்தைப் பல்லைப் பிடுங்க விடமாட்டேன் என்று சொல்கிறவனைப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார். அவருக்கென்ன தெரியும்? அடுத்த மாசி மகத்துக்கு ஊர் கருடனைத் தேடுமே. இந்த விஷயத்தை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில் கடல் குப்பத்துக்குள் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குக் கை வராது. அதற்கு வேறு குரல் வேண்டும். என் பாத்திகள் சேறானதெல்லாம் ஒரு நஷ்டமே இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். 2005 மாசி மகத்துக்கும் பெருமாள் போனார், ஆனால் எங்கள் ஊரில் ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. பட்டர் கணுக்கால் தண்ணீரில் நின்று, சொம்பால் மொண்டு சக்கரத்தாழ்வார்மேல் ஊற்றிவிட்டு ஏறிவிட்டார். கயிறு சுருட்டியபடியே மணலில் கிடந்தது.

வழக்கமாகக் கயிற்றின் தலைப்பைப் பிடிக்கிற குப்பத்துக்காரர் அன்றைக்கு என் பக்கத்தில் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும்.

"சார், உங்க படத்த கோயில்ல வந்து பாத்தேன்."

"கருடனைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

"எங்க அண்ணன தேடினேன் சார். அந்த வருசம் அவரும் கயித்துல நின்னாரு. தலைங்க மறச்சிருக்குது." கடலைக் காட்டினார். "முழுக்கு போட்டு எழுந்திரிக்கறப்ப மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா சார்? நாங்க அந்தப் பக்கம் நின்னு பாக்கறோம். உங்க படத்துல எல்லாம் முதுகு."

இந்தக் கேமரா தண்ணீருக்கு ஆகாது, லென்ஸின் எட்டும் தூரம் இவ்வளவுதான் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

2006 பிப்ரவரியில் சகலை லீவில் வந்தான்.

எங்கள் வீட்டில் விருந்து. இலை போடுவதற்கு முன்னால், சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளியாக எதையோ எடுத்தான். எடுத்தவன், எதிரே இருந்த தண்ணீர்ச் சொம்புக்குள் அதைத் தொப்பென்று போட்டான்.

"தம்பி! தம்பி! உள்ள வுழுந்துடுச்சு!" என்று என் மனைவி கத்தினாள்.

"பயப்படாதீங்கக்கா. அதுக்கு நீச்சல் தெரியும்."

கையை விட்டு எடுத்து, லுங்கியில் துடைத்து, வாயைப் பிளந்து நின்றவளை அங்கேயே ஒரு படம் எடுத்துக் காட்டினான்.

"ஐ, நல்லா இருக்கேன்ல?" என்றாள்.

இரண்டு வருடத்தில் அவளை நான் நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன், மாலை வெயிலில் எடுத்தேன், பின்புலத்தைக் கரைத்து எடுத்தேன். கறுப்பா இருக்கேன், குண்டா இருக்கேன், கண்ணு தூங்குது என்பதைத் தவிர வேறு விமர்சனம் கேட்டதில்லை. சொம்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்த படத்தில் நல்லா இருக்காளாம்.

அன்று பிற்பகல் முழுக்க நான் அந்தக் கேமராவின் குறைகளைப் படித்து மனப்பாடம் செய்தேன். எல்லாமே உண்மையான குறைகள். லென்ஸ் கழற்ற வராது. வெளிச்சம் குறைந்தால் படம் ரவை ரவையாக வரும். பொத்தானை அழுத்திக் காப்பி குடித்து வந்தபிறகுதான் படம் பிடிக்கும். மாலையில் அவனிடம் எடுத்துச் சொன்னேன்.

"சகல, எல்லாத்தவிட முக்கியம் உள்ள இருக்கற சென்சார். என்னுது தபால்தலை சைஸு. உங்களுது கடுகு."

"அப்படிங்களா சகல?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டான். "கடுகா இருந்தாலும் காரமா இருக்குது பாருங்க."

பக்கத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் உப்பளம் பார்க்க வந்தான். கேமரா அவன் சட்டைப்பையில் பஸ் டிக்கெட்டோடும் சில்லறையோடும் கிடந்தது. என் கேமராவைத் தொட ஊரில் யாருக்கும் அனுமதி இல்லை; அவன் அதை யார் கேட்டாலும் கொடுத்தான். வாய் நீளமான அந்தப் பெண் வாங்கி, கையை நீட்டித் தன்னையே எடுத்துக்கொண்டாள், தோழிகளை எடுத்தாள், என் முதுகை எடுத்தாள், அப்புறம் கை தவறி உப்புத் தண்ணீர்ப் பாத்திக்குள் போட்டாள். என் நெஞ்சு ஒரு கணம் இனித்தது. அவன் குனிந்து எடுத்து, பம்புசெட்டுத் தண்ணீரில் வெள்ளரிக்காய் கழுவுவது போலக் கழுவி, அவளிடமே திரும்பக் கொடுத்தான்.

"சார்," என்றாள் என்னைப் பார்த்து, "இது நம்ம ஊரு புள்ள. உங்க புள்ளதான் சீமையில பொறந்துட்டு வந்து கஷ்டப்படுது."

மாசி மகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கமிட்டித் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். இந்த வருடம் குப்பத்தார் கயிறு பிடிக்கப்போகிறார்கள், பட்டர் இறங்கப்போகிறார், ஜனங்களும் இறங்குவார்கள் என்று நம்புகிறேன் என்றார்.

"பழைய படத்த எறக்கிடலாம். இந்த வருசப் படம்தான் மண்டபத்துல இருக்கணும். திரும்ப எறங்கின வருசம் பாரு."

எடுத்துடலாங்க என்றேன், அடக்கமாக.

"உங்க சகலயும் ஒரு கேமரா வச்சிருக்காராமே? ரெண்டு பேரும் எடுங்க. எது நல்லா இருக்குதோ அத மாட்டுவோம்."

சகலையிடம் சொன்னேன். "அய்யோ, நான் இன்னா சகல, சும்மா பொழுதுபோக்குக்கு எடுக்கறவன்" என்றான். மண்டபத்தில் ஒரு ஆணி இருந்தது. இரண்டு வருடமாக அந்த ஆணியில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். ஊரில் எனக்கு இருந்த ஒரே உயரம் அது.

மாசி மகத்தன்று காலை, ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, கேமராவை அதற்குள் விட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கிக்கொண்டு, அதே மாதிரி ஒரு படகின்மேல் ஏறினேன். சகலை சட்டையைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு, நேராகத் தண்ணீருக்குள் நடந்தான். முழங்கால், இடுப்பு, மார்பு. கயிறு பிடித்து நின்றவர்களுக்கு நடுவே போய், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கேமராவை உயர்த்திக் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

ஜனங்கள் ஈர மணலிலேயே தயங்கினார்கள். அலை வந்து காலைத் தொட்டதும் சிலர் பின்னால் நகர்ந்தார்கள். கமிட்டித் தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களை "எறங்குங்கப்பா, எறங்குங்க" என்றாரே தவிர, அவர் இறங்கவில்லை. அப்புறம் பெண்கள் நான்கைந்து பேர் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் பின்னால் இன்னும் கொஞ்சம் பேர் போனார்கள். பட்டர் சக்கரத்தாழ்வாரைத் தலைக்குமேல் தூக்கியபடி அவர்களைத் தாண்டிப் போனார்.

நான் அப்போது கேமராவுக்குள் பார்த்திருக்க வேண்டும். நான் சகலையைப் பார்த்தேன்.

ஒரு பெரிய அலை வந்து அவனை மூடியது. கேமராவோடு உள்ளே போனான். எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். முகத்தை வழித்த அதே கையால் கேமராவையும் வழித்துவிட்டு மறுபடி கண்ணுக்கு நேரே பிடித்தான். இந்தப் பக்கம் நான், கடலை விட்டு இருபது அடி தள்ளி, தூவானத்துக்குப் பயந்து பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குள் என்னவெல்லாமோ ஓடியது. எதுவும் எழுதத் தக்கதல்ல.

"கோவிந்தா!" என்று ஊர் முழக்கமிட்டது.

முழுக்கு முடிந்துவிட்டது. நான் கேமராவைத் தூக்குவதற்குள் எல்லாரும் எழுந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள். அழுத்தினேன். திரையில் பார்த்தால், நனைந்த முதுகுகள். வலது மூலையில் கருடன் மட்டும் கடமை தவறாமல் வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சகலை கேமராவை என்னிடம் கொடுத்து, "உங்க கம்ப்யூட்டர்ல ஏத்திக்கங்க சகல" என்றான். உள்ளறைக்குப் போய் ஏற்றிவிட்டு, கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவன் கட்டைவிரல் வந்தது. வெறும் வானம் வந்தது. பழுப்புத் தண்ணீருக்குள் யாருடைய வேட்டியோ வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. பிறகு அந்தப் படம் வந்தது.

கீழே பாதிக்குக் கடல். நடுவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிற சக்கரத்தாழ்வார், கொஞ்சம் மங்கலாக. அவருக்குப் பின்னால் முகங்கள், வரிசை வரிசையாக முகங்கள். கண்ணை இறுக்கி மூடியவை, வாயைத் திறந்து காற்றை விழுங்குபவை, கூந்தல் ஒட்டியவை, பயம் போய்ச் சிரிப்பு இன்னும் வந்து சேராதவை. கமிட்டித் தலைவர் அதில் இருந்தார், கழுத்துவரை தண்ணீரில், யாரென்றே தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு. அவர் எப்போது இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு.

எல்லாத் தலைகளுக்கும் பின்னால், உயரத்தில், படகின்மேல், ஊரிலேயே உலர்ந்த சட்டையோடு ஒரே ஒரு ஆள். நெஞ்சில் ஜவுளிக்கடைப் பை. அந்தக் கடுகுக் கேமரா சாமியை விட்டுவிட்டு, ஜனத்தை விட்டுவிட்டு, அந்த ஆளின் முகத்தில் போய் ஃபோகஸ் வைத்திருந்தது. படத்திலேயே துல்லியமாக இருந்தது அது ஒன்றுதான். பந்தியில் பக்கத்து இலைக்கு இரண்டாவது லட்டு விழுந்ததைப் பார்த்தவனின் முகம்.

அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அதற்குக் காரணமாகக் கலை, தரம், ஊர் மானம் என்று ஏதேதோ எனக்கு நானே சொல்லிக்கொண்டதாக ஞாபகம்.

அப்போது கூடத்திலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தேன். கேமராவிலிருந்து ஒரு மஞ்சள் வயர் டி.வி.க்குப் போயிருந்தது. டி.வி. முழுக்க என் முகம். சகலை பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். மாமனார் வீட்டார், அக்கம்பக்கத்தார், காப்பி டம்ளரோடு கமிட்டித் தலைவர். நான் அழித்தது நகலைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. என் கேமராவிலும் ரப்பர் மூடிக்கு அடியில் டி.வி.க்கான துளை ஒன்று இருந்தது என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது. அது காற்று போவதற்கு என்று நினைத்திருந்தேன்.

"ஏங்க," என்றாள் என் மனைவி, "அப்போ உங்களுக்கு இன்னா ஆச்சு? வயித்து வலியா?"

"வெயிலு கண்ணுல அடிச்சிருக்கும்க்கா" என்றான் சகலை. காப்பாற்றுகிறானாம்.

முழுப் படத்தையும் காட்டினான். சிரிப்பு மெல்ல நின்றது. "இதோ நான்" என்றார் ஒருவர். "தோ, எங்க அக்கா! மூக்குல தண்ணி ஏறிடுச்சு பாரு!" ஆளாளுக்கு எழுந்து டி.வி.யிடம் போய்த் தொட்டுக் காட்டினார்கள். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய், தன் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"எறங்கிட்டேன்ல?" என்றார். "எறங்கவே கூடாதுன்னு இருந்தேன்யா."

யாரும் என்னிடம் என் படத்தைக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாக மண்டியில் போய் நின்றேன். கையில் என் படத்தின் பிரிண்ட். என்னிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் அது.

"தலைவரே, அந்தப் படம் நல்லாதான் இருக்குது. ஆனா அதுல கருடன் இல்லீங்களே."

மூட்டைகளுக்கு நடுவே அவர் முகம் மாறியது. "ஆமாய்யா. நேத்து வந்தாரா?"

"என் படத்துல வந்திருக்காரு."

வாங்கிப் பார்த்தார். "வந்திருக்காரு! அதே எடத்துலய்யா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. அவர் யோசித்தார். வியாபாரிகள் யோசித்தால் எதிராளிக்கு நல்லதல்ல.

"ஒண்ணு பண்ணுங்க. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டலாமாமே? உங்க படத்துல இருக்கற கருடன எடுத்து அந்தப் படத்துல வச்சிருங்க. நேத்து வந்தவரு வந்தவருதான? யாரு படத்துல இருந்தா இன்னா? சகலகிட்ட சொல்லாதீங்க, சங்கடப்படுவாரு."

அது கருடன் இல்லை, தூசி என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இரண்டு வருடமாக ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டதற்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டும். "சரிங்க" என்றேன்.

சகலையிடம் போய், "சரியா ஏறல சகல, மறுபடி ஒரு வாட்டி கேமராவக் கொடுங்க" என்று வாங்கி, நான் அழித்த படத்தை நானே மறுபடி ஏற்றினேன். மூன்று நாள் வேலை. என் படத்திலிருந்து என் தூசியை நகம்படாமல் எடுத்து, அவன் வானத்தில், சவுக்குத் தோப்புக்கு மேலே வைத்து, ஓரங்களை மெழுகினேன். அவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று இரண்டு சிறகும் வைத்தேன். என் முகத்தை எப்படியாவது ஒரு அலைத் துளியால் மறைக்கலாமா என்று தலைவரைக் கேட்டதற்கு, "இருக்கட்டும்யா, நீயும் ஊர்க்காரன்தான?" என்றுவிட்டார்.

பழைய சட்டத்தை இறக்கிக் குடை, தீவட்டியெல்லாம் வைக்கிற அறையில் சாத்தினார்கள். அதே ஆணியில் புதியது ஏறியது. கீழே 'படம்:' என்று சகலையின் பெயர். அதையும் என் கம்ப்யூட்டரில்தான் அடித்தார்கள், அதாவது நான்தான் அடித்தேன். எழுத்தை எவ்வளவு சின்னதாக வைக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக வைத்தேன். அது என் சொந்தத் தீர்மானம்.

அவன் மஸ்கட் திரும்புவதற்கு முந்தின நாள் இருவரும் கோயிலுக்குப் போனோம். கயிற்றுத் தலைப்பைப் பிடிக்கிற குப்பத்துக்காரர் அதே நேரத்துக்கு வந்து, படத்துக்கு முன்னால் நின்றிருந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இதுலயும் எங்க ஆளுங்க இல்ல சார்" என்றார் என்னிடம். நான் ஜெயித்தவன் மாதிரி சகலையைப் பார்த்தேன். அவர் முடிக்கவில்லை. "ஆனா நாங்க பாக்கறது இதுதான். எங்க அண்ணன் பாத்ததும் இதுதான்."

சகலைக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு அண்ணாந்து படத்தின் மேல்பக்கத்தைப் பார்த்தவன், என் கையைப் பிடித்தான்.

"சகல! இதப் பாருங்க! கருடன் வந்திருக்காரு! எடுக்கறப்ப நான் கவனிக்கவே இல்லயே. டி.வி.யிலகூட தெரியலயே."

"சின்னதுல்ல, தெரிஞ்சிருக்காது" என்றேன்.

"உங்க படத்துலதான் வருவாருன்னு சொல்வாங்க. எனக்கும் வந்திருக்காரு பாருங்க."

"உங்க கைராசி, சகல."

அவன் கண்ணை மூடிக் கும்பிட்டான். பக்கத்தில் ஆள் கும்பிடும்போது சும்மா நிற்க முடியாது. நானும் கையைக் கூப்பினேன். அது என் கேமராவின் தூசி. சிறகு நான் வைத்தது. தொங்குவது அவன் படத்தில், கும்பிடுவது அவன் கருடனை. படகின்மேல் நின்ற உலர்ந்த சட்டைக்காரன் சட்டத்துக்குள்ளிருந்து எங்கள் இருவரையும் அதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.